தாத்தாவின் போர்க்காலப் பெட்டியைத் திறக்கும்போது

சிங்கப்பூரில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தைக் கண்ட தாத்தாவின் பெட்டி கையில் கிடைத்தால், உலோகம் தேய்க்கும் பிராசோ டப்பாவை முதலில் ஒளித்து வையுங்கள். பதக்கம் பளபளக்க வேண்டும் என்று யாராவது தேய்த்துவிட்டால் மேற்பூச்சும் நுண்ணிய எழுத்தும் போய்விடும். பெட்டியில் இருப்பதை இருந்த வரிசையிலேயே படமெடுத்த பிறகு வெளியே எடுங்கள். எந்தக் கடிதத்துக்குள் எந்தப் படம் மடிந்திருந்தது என்பதும் ஒரு தகவல்தான். குண்டு, கையெறி குண்டு, தோட்டா மாதிரி ஏதாவது கிடந்தால் தொடாமல் விலகி, போலீசுக்கு 999-ஐ அழையுங்கள். 80 ஆண்டு துருப்பிடித்தது என்பதால் செத்துவிட்டது என்று பொருளில்லை.

பலர் இவற்றை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பாம் ஷெல்டரில், அதாவது குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறையில், வைக்கிறார்கள். பெயர்ப் பொருத்தம் பிரமாதம், இடம் மோசம்: காற்றோட்டம் குறைவு, பூஞ்சை பிடிக்கும். கேமராக்காரர்கள் வாங்கும் டிரை கேபினெட்டில் ஈரப்பதத்தை 45-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் வைத்தால் போதும். அதைவிட மிகவும் கீழே போனால் பழைய காகிதம் முறுகி ஒடியும். துருப்பிடித்த கிளிப்பை மெல்லக் கழற்றுங்கள். லேமினேட் செய்யாதீர்கள், திருப்பிப் பிரிக்க முடியாது. பிவிசி உறையும் வேண்டாம். நாளடைவில் அது பிசுபிசுத்துப் படத்தில் ஒட்டிக்கொள்ளும், பதக்கத்தில் பச்சை படிய வைக்கும். பாலியெஸ்டர் உறை நல்லது. குறிப்பெழுத 2பி பென்சில் மட்டும், அதுவும் பின்பக்க ஓரத்தில்.

சீருடையில் பூச்சி இருந்தால் ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, வீட்டு ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்தபின் ஒரு முழுநாள் பையைத் திறக்கக்கூடாது. அவசரப்பட்டால் துணிமேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

அடுத்து தேதி. இதில்தான் வீட்டுக் கதைகள் வழுக்கும். சியோனான் காலத் (ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் பெயர் சியோனான்) தாளில் 2602 என்று இருந்தால் பதறாதீர்கள். அது ஜப்பானிய ஆண்டு, 660 கழித்தால் 1942. ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டான ஷோவா 18 என்றிருந்தால் 1925 கூட்டுங்கள், 1943 வரும். “1942-ல் நேதாஜியுடன் சிங்கப்பூரில் தாத்தா” என்று படத்தின் பின்னால் எழுதியிருந்தால் ஆண்டோ ஆளோ தவறு: நேதாஜி இங்கு வந்தது ஜூலை 1943. ஐஎன்ஏவில் (இந்திய தேசிய ராணுவத்தில்) 1942-லேயே சேர்ந்தேன் என்று தாத்தா சொன்னது மட்டும் சரியாக இருக்கலாம், ஏனென்றால் மோகன் சிங் தலைமையில் முதல் படை அந்த ஆண்டே அமைந்தது. குடும்பக் கதையை அழிக்காமல் தனித்தாளில் “வீட்டில் சொல்வது”, “தாளில் உள்ளது” என்று இரு பத்தியாக எழுதுங்கள். ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரப் பட நோட்டுக்கட்டு கிடைத்தால் பணக்காரராகிவிட்டதாக நினைக்காதீர்கள், அது ஏராளமாக அச்சடிக்கப்பட்டது.

படங்களை இருபக்கமும் 600 டிபிஐயில் டிஃப் கோப்பாக ஸ்கேன் செய்யுங்கள். பாட்டி இன்னும் இருந்தால் அவரிடமும் பதிவு எடுங்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டு. “ஜப்பான்காரன் காலம் கஷ்டமா பாட்டி?” என்றால் “ஆமா” என்று முடிந்துவிடும். “மரவள்ளிக்கிழங்கு யார் கொண்டுவந்தாங்க, எந்த அடுப்பில் வேகவெச்சீங்க?” என்று கேட்டுப் பாருங்கள்.

இத்தனையும் கையில் இருக்கும்போது இந்திய மரபுடைமை நிலையத்தையோ தேசிய ஆவணக் காப்பகத்தையோ அணுகுங்கள். பொருளை நேரே தூக்கிக்கொண்டு போகாமல், முதலில் படமும் பட்டியலும் அனுப்புங்கள். நன்கொடையா இரவலா என்பதை உடன்பிறந்தோர் அனைவரும் கையெழுத்திட்டு முடிவு செய்யுங்கள். பின்னால் ஒரு சித்தப்பா வந்து கேட்பார்.