மலைநாட்டில் பழைய வேகன் வாங்குமுன்: எதை, எந்த வரிசையில் பார்ப்பது

வேகன் பார்க்கப் போனால் பொனட்டைப் பிறகு திறக்கலாம், முதலில் டிக்கியைத் திறங்கள். நுவரெலியா, ஹட்டன், வெலிமடைப் பக்கம் ஓடிய வேகன் எப்படிப்பட்ட வேலை செய்திருக்கிறது என்பது அதன் பின்பாதியில்தான் தெரியும். எவ்வளவு சுமை ஏற்றினார்கள், அந்தச் சுமையோடு எத்தனை பள்ளம் இறக்கினார்கள், எவ்வளவு ஈரம் உள்ளே போனது என்பதெல்லாம் அங்கேதான் பதிந்திருக்கும். எஞ்சின் பழுதானால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் இன்னொன்று தேடிப் பிடிக்கலாம். வாகனத்தின் அடிச்சட்டமான செசியைக் கறள் தின்றுவிட்டால் அதற்கு மாற்று இல்லை.

அதற்கும் முன்னால், உங்களுக்கு வேகன்தான் வேண்டுமா என்று யோசியுங்கள். வாரத்தில் ஐந்து நாள் பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கொண்டுபோய், இரண்டு நாள் மரக்கறி ஏற்றும் வீட்டுக்கு வேகன் சரியான வாகனம். வேன் வடிவ டொயோட்டா புரொபொக்ஸில் இருவர் மட்டும் இருந்தால் 400 கிலோ, ஐந்து பேர் இருந்தால் 250 கிலோ ஏற்றலாம் என்பது கம்பனிக் கணக்கு. 50 கிலோ கரட் மூடை எட்டோடு அது முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் பத்து, பன்னிரண்டு மூடை போகவேண்டும் என்றால் பட்டா எனும் சிறு லொறி வாங்குங்கள். வேகனில் அதைச் செய்தால் இரண்டு வருடத்தில் பின்புறம் தொங்கிவிடும்.

எந்த மொடல்?

நம் பக்கம் அதிகம் விற்பனைக்கு வருபவை 1990களின் கொரோல்லா வேகன், நிசான் ஏடி வேகன், புரொபொக்ஸ், கொரோல்லா ஃபீல்டர், ஹொண்டா ஃபிட் ஷட்டில் ஹைப்ரிட். உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கொழும்பில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். டேர்போ இல்லாத எஞ்சினுக்குச் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கண்டியில் நன்றாக இழுத்த 1300 சீசீ புரொபொக்ஸ், ஆள் நிறைத்து நானுஓயாப் பக்கம் ஏறும்போது முதல் கியரைக் கேட்பது இதனால்தான். சுமையோடு மேலே ஏறி இறங்குபவர் 1500 சீசீ எடுப்பதே நல்லது. புரொபொக்ஸ், ஃபீல்டர் இரண்டிலும் வரும் 1500 சீசீ 1என்.இசட். எஞ்சின் விட்ஸ், எக்ஸியோ போன்றவற்றிலும் இருக்கிறது. உதிரிப்பாகத்துக்கு அலைய வேண்டியதில்லை. டைமிங் பெல்ட் இல்லை, செயின் மட்டும்.

பழைய டீசல் கொரோல்லாவின் 2சீ எஞ்சின் கிலோமீற்றருக்குச் சிக்கனம். ஆனால் அதில் டைமிங் பெல்ட். அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் அடிபடும். 100,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றியதற்கு பில் காட்ட முடியாவிட்டால், பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். ஒருமுறை கொதித்தாலே சிலிண்டர் ஹெட் வெடிப்பதும் இந்த எஞ்சினின் பெயர்போன குறை.

நான்கு சில்லு இழுக்கும் ரகத்துக்கு மேலதிக விலை கொடுக்கத் தேவையில்லை. தோட்டப் பாதையில் அடி தட்டாமல் போக உதவுவது தரையிலிருந்து இருக்கும் உயரமும் நல்ல டயரும்தான்.

கறள்

டிக்கியின் கார்பெட்டை, அதன் கீழிருக்கும் பலகையை, ஸ்பெயார் வீலை வெளியே எடுத்து வையுங்கள். விற்பவர் முகம் சுளித்தாலும் எடுங்கள். கழுவிய மரக்கறியின் தண்ணீரும் கொட்டுண்ட பசளையும் சேரும் இடம் அந்தக் குழி. யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பெயின்ட் வெடித்த இடத்தில் இரும்பைத் தின்னும். குழியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி ஓட்டையின் விளிம்பை விரலால் தடவுங்கள். மாவாக உதிர்ந்தால் கறள் கீழிருந்தும் ஏறியிருக்கிறது. புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் ஸ்க்ரூ ட்ரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், புட்டியும் ஃபைபரும் மந்தமாக ஒலிக்கும்.

அடுத்து வாகனத்தைக் கராஜில் தூக்கி, பின் சஸ்பென்ஷன் செசியோடு சேரும் இடங்களைப் பாருங்கள். லீஃப் ஸ்பிரிங் உள்ள வாகனத்தில் ஸ்பிரிங்கின் நுனியைத் தாங்கும் ஷக்கிள் பொருந்தும் இடம், கொயில் ஸ்பிரிங் உள்ளதில் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம். அங்கே ஒட்டு வெல்டிங் தெரிந்தால் பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். கதவில் கறள், மட்கார்டில் கறள் என்றால் அது டிங்கர் வேலை. செசியில் கறள் உயிரோடு விளையாடும் விஷயம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய வாகனங்களும் சந்தைக்கு வரும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தால், கடைசி ஒரு அடியில் மண்கோடு தெரியும். அதைக் கழுவ யாரும் நினைப்பதில்லை. ஜக் வைக்கும் பக்கவாட்டுப் பெட்டிக்குள்ளும் டோர்ச் அடித்து வண்டல் இருக்கிறதா என்று பாருங்கள்.

சுமையோடு பள்ளம் இறக்கிப் பாருங்கள்

வெறும் வாகனத்தைச் சமதரையில் ஓட்டிப் பார்ப்பதால் மலைநாட்டில் ஒரு பயனும் இல்லை. நான்கு பெரியவர்களை ஏற்றி, டிக்கியில் இரண்டு மூடை வையுங்கள். முதலில் சமதரையில் நிறுத்தித் தள்ளி நின்று பாருங்கள். பின்புறம் மிகவும் தாழ்ந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. சுமை இல்லாமலே பின்புறம் தூக்கி நின்றால், மேலதிக ஸ்பிரிங் இலை சேர்த்தோ ஸ்பேசர் வைத்தோ அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள்.

நுவரெலியாவில் இருப்பவர் லபுக்கலையிலிருந்து இறம்பொடைப் பக்கம் இறங்கலாம். பதுளைப் பக்கத்தவர் அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கலாம். இரண்டாம், மூன்றாம் கியரில் இறக்கி, வளைவுகளில் மட்டும் பிரேக் பிடியுங்கள். இறங்கியதும் பாதுகாப்பான அகன்ற இடத்தில் நிறுத்தி, நான்கு சில்லுக்கும் கிட்டே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொடவேண்டாம். முன் இரண்டும் ஒரே அளவு சுட வேண்டும். ஒன்று மட்டும் எரிந்தால் அந்தச் சில்லின் பிரேக்கை அழுத்தும் கலிபர் இறுகியிருக்கிறது. பின் இரண்டும் குளிர்ந்தே இருந்தால் பின் பிரேக் வேலை செய்யவில்லை. முன் பிரேக் மட்டும் முழுச் சுமையையும் நிறுத்திக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பின் பிரேக் வேலை செய்யாததற்கு வேகனில் ஒரு தனிக் காரணமும் உண்டு. வேன் வடிவ வேகன்கள் பலவற்றில் பின் அச்சுக்கு மேலே ஒரு வால்வும், அதை அச்சோடு இணைக்கும் ஒரு கம்பியும் இருக்கும். சுமை ஏறிப் பின்புறம் தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் சில்லுக்கு அதிக பிரேக் அழுத்தத்தை அனுப்பும். கறள் பிடித்து அந்த வால்வு இறுகிப்போயிருக்கும், அல்லது ஸ்பிரிங் மாற்றியபோது யாரோ கம்பியைக் கழற்றி விட்டிருப்பார்கள். ட்ரம்மையும் லைனிங்கையும் எத்தனை முறை மாற்றினாலும் பின் பிரேக் பிடிக்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். கம்பி இருக்கிறதா, கையால் அசைத்தால் அசைகிறதா என்று வாகனத்தைத் தூக்கியிருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பள்ளம் முடிவதற்குள் பிரேக் பெடல் பஞ்சுபோலாகி ஆழமாகப் போனால், பிரேக் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. புதிய டொட் 3 எண்ணெய் 205 பாகையில் கொதிக்கும். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த அளவு 140 வரை இறங்கிவிடும். கொதித்த எண்ணெயில் ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பிரேக் பிடிக்காது. மூடுபனி ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் மாற்றாத எண்ணெயை நம்பக்கூடாது. இது சிறு செலவில் தீரும் குறை, இதற்காக வாகனத்தை ஒதுக்க வேண்டாம். ஆனால் பெடல் பஞ்சான அந்த நிமிடமே ஓட்டத்தை நிறுத்தி, ஆறவிட்டுத் திரும்புங்கள்.

இறங்கும்போதே எஞ்சினையும் சோதிக்கலாம். கியரில் நீண்ட தூரம் கால் வைக்காமல் இறங்கி, பிறகு அக்சிலரேட்டரை அழுத்தச் சொல்லிவிட்டு, பின்னால் வரும் இன்னொரு வாகனத்திலிருந்து ஒருவர் கவனிக்க வேண்டும். நீலப் புகை ஒரு கொத்தாக வந்தால் வால்வு சீல் போய்விட்டது அல்லது ரிங் தேய்ந்துவிட்டது. சமதரையில் நிறுத்தி ரேஸ் பண்ணினால் இது தெரியாமல் தப்பிவிடும்.

ஹேண்ட் பிரேக்கை மேல்நோக்கி ஒருமுறை, கீழ்நோக்கி ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஓட்டோ என்றால் செங்குத்தான ஏற்றத்தில் ரிவர்ஸில் ஏற்றுங்கள். தேய்ந்த கியர்பொக்ஸ் அங்கே தயங்கும். படிப்படியான கியர் இல்லாத சீ.வீ.டீ. ஓட்டோ என்றால் ஏற்றத்தில் முழுதாக நிறுத்தி மெல்ல எடுக்கும்போது உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள். ஃபிட் ஷட்டிலில் இந்த உதறல் ஸ்டார்ட் கிளட்சிலிருந்து வரும். மலைப்பாதை நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்தே அது தேய்கிறது. மெனுவலில் கிளட்ச் பார்ப்பது எளிது: ஏற்றத்தில் மூன்றாம் கியரில் முழுதாக அழுத்தும்போது எஞ்சின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் முடிந்தது.

ஹைப்ரிட் ஃபீல்டரில் பேட்டரிக் கோடுகளைப் பாருங்கள். பள்ளத்தில் சில நிமிடத்தில் நிறைந்து, ஏற்றத்தில் அதே வேகத்தில் வடிந்தால் பேட்டரி பலவீனம். பேட்டரி நிறைந்த பிறகு இறக்கத்தில் எஞ்சின் உரத்துச் சுழல்வது பழுதல்ல, அப்படித்தான் செய்ய வேண்டும். பின் சீட் ஓரத்தில் இருக்கும் காற்றுத் துளையில் தூசியும் கொழுந்துத் தூளும் அடைத்திருந்தால், பேட்டரி நாள்கணக்கில் சூட்டிலேயே ஓடியிருக்கிறது.

காலையில், குளிர்ந்த எஞ்சினோடு

இதை ஓட்டிப் பார்க்கும் முன்பே செய்ய வேண்டும். நேரம் சொல்லும்போது காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லுங்கள், வாகனத்தை ஸ்டார்ட் பண்ணாமல் வைக்கச் சொல்லுங்கள். ஸ்டார்ட் பண்ணியதும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள். சில நிமிடம் குளிராகவே இருந்து, பிறகு சட்டென்று சூடாக வேண்டும். தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடேறினால் எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டட்டைக் கழற்றி எறிந்திருக்கிறார்கள். ஏற்றத்தில் கொதிக்கும் எஞ்சினுக்கு நம் ஊரில் செய்யும் கைவைத்தியம் இது. கொதிப்பின் காரணம் அப்படியே இருக்கும். நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் பெட்ரோலும் குடிக்கும்.

ரேடியேட்டர் மூடியையும் கவனியுங்கள். 1,868 மீற்றரில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதிக்கும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் 110 பாகை தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதிய மூடி ஒன்றே போதும். உள்ளே பால்கோப்பி நிறத்தில் பசை தெரிந்தால் ஒயிலும் தண்ணீரும் கலந்திருக்கிறது, அந்த வாகனம் வேண்டாம்.

சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தமான கொம்பிரஷனைப் பார்க்கச் சொன்னால், மலையில் அளக்கும் எண் கொழும்பு அளவைவிடக் குறைவாகவே வரும், காற்று மெலிந்திருப்பதால். சிலிண்டர்களுக்கிடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 1என்.இசட். எஞ்சினில் அது 14 பீஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது.

ஹீட்டரும் ஏசியும் இரண்டும் வேலை செய்ய வேண்டும். குளிர் ஊருக்கு ஏசி எதற்கு என்று சொல்லி விற்பார்கள். மழையில் ஐந்து பேர் மூச்சுவிடும் வாகனத்தின் கண்ணாடியில் படியும் ஈரத்தை உலர்த்துவது ஏசிதான். ஹீட்டர் ஹோஸ் இரண்டையும் ஒன்றாக இணைத்திருந்தால் ஹீட்டர் ஒழுகியிருக்கிறது என்று பொருள். பின் வைப்பரையும் ஓட்டிப் பாருங்கள். டிக்கிக் கதவை, வாகனத்தின் முன்புறம் மேட்டைப் பார்க்க நிறுத்தித் திறங்கள். அந்தச் சாய்வில் காஸ் ஸ்ட்ரட் எனும் தாங்குதண்டு தாங்காத கதவு ஒருநாள் யாருடைய தலையிலாவது இறங்கும்.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம் தயாரித்தது. சுமை ஏற்றும் வேகனுக்கு எல்.டீ. என்று அடித்த சரக்கு டயர் வேண்டும். விலை குறைவு என்று சாதாரண கார் டயர் போட்டிருந்தால் நான்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

புத்தகமும் விலையும்

பதிவுப் புத்தகத்தில் செசி நம்பர், எஞ்சின் நம்பர், நிறம் மூன்றையும் வாகனத்தோடு ஒப்பிடுங்கள். வேகன் காராகப் பதியப்பட்டதா, பீ எழுத்துத் தகட்டோடு இரட்டைப் பாவனை வாகனமாகப் பதியப்பட்டதா என்றும் பாருங்கள். காப்புறுதி எடுக்கும்போது அந்த வகையையும் நீங்கள் மரக்கறி ஏற்றுவதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனி இருந்தால், கடன் முடிந்த கடிதம் கைக்கு வராமல் காசு கைமாறக் கூடாது. பெயர் எழுதாத ஓபன் பேப்பரில் மூன்று, நான்கு கை மாறிய வாகனத்தை எவ்வளவு மலிவு என்றாலும் விடுங்கள். கையொப்பமிட்டவரைத் தேடிப் போகும் வேலை கடைசியில் உங்களுடையதாகிவிடும்.

இறக்குமதி இல்லை, இனி இப்படி ஒன்று கிடைக்காது என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் பாவனை வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் தொடங்கிவிட்டது. நீங்கள் கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராஜில் விலை கேட்டு, அந்தத் தாளை வைத்துப் பேசுங்கள்.

வாங்கிய வாரத்திலேயே பிரேக் எண்ணெயை டொட் 4க்கு மாற்றுங்கள், ஒரு லீற்றர் போதும். எஞ்சின் ஒயில், கூலண்ட், ரேடியேட்டர் மூடி, கழற்றியிருந்தால் தெர்மோஸ்டட் எல்லாம் அதே நாளில். பின் ட்ரம்மைத் திறந்து துப்புரவாக்கி அஜஸ்ட் பண்ணிய பிறகே முதல் சுமையை ஏற்றுங்கள்.