பிரித்தானிய கேங்ஸ்டர் படங்களை எங்கிருந்து தொடங்கலாம்?

பிரித்தானிய கேங்ஸ்டர் படங்களைப் புதிதாகப் பார்க்க விரும்புபவர்கள், காலவரிசையைப் பின்பற்றாமல், கை ரிட்சி 1998-இல் இயக்கிய 'லாக், ஸ்டாக் அண்ட் டூ ஸ்மோக்கிங் பேரல்ஸ்' படத்திலிருந்து தொடங்குவது நல்லது. சீட்டாட்டக் கடன், இரண்டு பழைய துப்பாக்கிகள், பல கும்பல்கள் என்று கதை வேகமாகக் கிளை பிரிவதால், முதல் அரை மணி நேரம் கைப்பேசியை ஒதுக்கிவைத்து, எந்தப் பொருள் யார் கைக்குப் போகிறது என்பதை மட்டும் கவனித்து வந்தால் மற்றவை தாமாகவே விளங்கும்.

ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களும் சப்டைட்டிலை இயக்கிக்கொள்ள வேண்டும். கிழக்கு லண்டனின் காக்னி பேச்சு எளிதில் பிடிபடாது என்பதால், இப்படத்திலேயே ஒரு மதுக்கூடக் காட்சிக்கு சப்டைட்டில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் 2000-இல் வந்த 'ஸ்னாட்ச்' படத்தில் பிராட் பிட் பேசுவது புரியவில்லை என்று பின்னோக்கி ஓட்டிப் பார்க்க வேண்டியதில்லை. உடனிருப்பவர்களுக்கே புரியாத வகையில்தான் அந்தப் பாத்திரம் அமைக்கப்பட்டுள்ளது.

இந்த வேகம் பழகிய பிறகு, நியூகாசில் நகரில் மைக்கேல் கெய்ன் தம் சகோதரனின் மரணத்துக்குக் காரணம் தேடும் 1971-ஆம் ஆண்டின் 'கெட் கார்ட்டர்' படத்துக்கும், 'தி லாங் குட் ஃபிரைடே' படத்துக்கும் செல்லலாம். இவ்வகையின் உச்சம் பின்னதே என்பது என் உறுதியான கருத்து. லண்டன் துறைமுகப் பகுதியில் பெரும் கட்டுமானத் திட்டத்தைக் கனவு காணும் தாதாவாக வரும் பாப் ஹாஸ்கின்ஸ், இறுதிக் காட்சியில் தம் முகத்தாலேயே நடிக்கும் நடிப்பை முழுமையாக உணர வேண்டுமானால், கதைச்சுருக்கம் எதையும் முன்கூட்டியே படித்துவிடாதீர்கள்.