வளர்ச்சி ஹார்மோன், புற்றுநோய் ஆய்வுக்கு வர நினைக்கிறவர்களுக்கு

முதலில் ஹார்மோனைப் படியுங்கள், புற்றுநோயை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தத் துறைக்கு வருகிற பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். புற்றுநோய் பற்றி மூட்டை மூட்டையாகப் படித்துவிட்டு, வளர்ச்சி ஹார்மோன் எங்கே சுரக்கிறது, எதைக் கிளப்பிவிடுகிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியின் முன்பகுதியில் சுரக்கும், 191 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம் அது. கல்லீரலுக்குப் போய் ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. இந்த ஐஜிஎஃப்-1 செல்லைப் பெருகவும் வைக்கும், சாக வேண்டிய செல்லைச் சாகவிடாமல் பிடித்தும் வைக்கும். புற்றுநோய்ச் செல்லுக்கு வேறென்ன வேண்டும்?

சரி, மனிதர்களிடம் இதற்குச் சாட்சி உண்டா? இரண்டு எதிரெதிர் நோய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். அக்ரோமெகாலியில் ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும், பெருங்குடலில் பாலிப்கள் என்கிற சின்னச் சின்னச் சதை வளர்ச்சிகள் கூடுதலாகத் தென்படும். ஸ்வி லாரோன் 1966இல் விவரித்த லாரோன் சிண்ட்ரோமில் ஹார்மோன் நிறையவே இருக்கும், ஆனால் அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பி பழுது, அதனால் ஐஜிஎஃப்-1 ஏறவே ஏறாது, ஆளும் குட்டையாகவே இருப்பார். ஈக்வடாரில் இந்த நோய் உள்ளவர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2011இல் வெளியான ஆய்வில் அவர்களுக்குப் புற்றுநோய் மிக அரிதாகவே வந்திருந்தது, அதே குடும்பங்களில் சாதாரண உயரம் உள்ளவர்களுக்கோ வழக்கம்போல வந்திருந்தது. உடனே 'வளர்ச்சி ஹார்மோன்தான் புற்றுநோயை உண்டாக்குகிறது' என்று எழுதிவிடாதீர்கள். கட்டியைப் புதிதாக உண்டாக்குவது வேறு, இருக்கிற கட்டிக்குத் தீனி போடுவது வேறு. இதைப் பிரித்துக் காட்டுவதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

மருத்துவம் படித்தால்தான் வரலாமா என்றால், இல்லை. உயிர்வேதியியல் படித்து பிஎச்.டி. வழியாக வந்தவர்கள் ஏராளம். நோயாளிகளையும் பார்க்க ஆசை என்றால் மருத்துவப் பட்டம், அதற்குமேல் நாளமில்லாச் சுரப்பிகளில் சிறப்புப் படிப்பு என்று வருடங்கள் ஓடும். எந்த வழியானாலும் புள்ளியியலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் காலை வாரிவிடும் விஷயங்கள் சில உண்டு. செல் வளர்க்கும் ஊட்டத் திரவத்தில் ஊற்றுகிற மாட்டுக்கன்றுச் சீரத்திலேயே (ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த நீர்) வளர்ச்சிக் காரணிகள் இருக்கும். அதை நிறுத்திச் செல்லைப் பட்டினி போடாமல் ஹார்மோன் சேர்த்தால், எது எதனால் நடந்தது என்று சொல்ல முடியாது. மனித வளர்ச்சி ஹார்மோன், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் ஏற்பியிலும் போய் ஒட்டும், ஆகவே மார்பகப் புற்றுநோய்ச் செல் பெருகினால் எந்த ஏற்பி வழியாகப் பெருகியது என்று ஒவ்வொன்றாக அடைத்துப் பார்க்க வேண்டும். எலியின் ஹார்மோனோ மனித ஏற்பியைத் தூண்டாது. மனிதக் கட்டியை எலியில் வைத்துவிட்டு, எலியின் ஹார்மோனைக் குறைத்தேன், கட்டி அசையவில்லை, எனவே தொடர்பில்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். ரத்தப் பரிசோதனையிலும் கவனம் வேண்டும்: ஹார்மோன் விட்டுவிட்டுச் சுரப்பதால் ஒரே ஒரு தடவை எடுத்த அளவு ஒன்றும் சொல்லாது, நாள் முழுக்க அவ்வளவாக மாறாத ஐஜிஎஃப்-1ஐப் பாருங்கள்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் பெயரைவிட அவருடைய பழைய மாணவர்களைத் தேடிப் பிடித்து ஒரு கேள்வி கேளுங்கள்: எதிர்பார்க்காத முடிவைக் கொண்டுபோய் நீட்டினால் மனுஷர் என்ன செய்வார்? ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் ஜான் கோப்சிக்கின் ஆய்வகத்தில் மாட்டின் வளர்ச்சி ஹார்மோனில் சில அமினோ அமிலங்கள் மாறும்படி அதன் மரபணுவைத் திருத்தி எலிகளுக்குள் புகுத்தினார்கள். எலிகள் பெரிதாக வளரவில்லை, குட்டையாக வளர்ந்தன. 'எங்கோ தப்பு நடந்திருக்கிறது' என்று குப்பையில் போட்டிருக்கலாம். ஆனால் தோண்டிப் பார்த்ததில், மாற்றிய ஹார்மோன் ஏற்பியில் உட்கார்ந்துகொண்டு அதை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது என்று தெரிந்தது. அதிலிருந்து வந்ததுதான் பெக்விசோமன்ட், 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அக்ரோமெகாலி மருந்து.

தோற்றுப்போன மருந்துகளின் கட்டுரைகளையும் விடாதீர்கள், என்னைக் கேட்டால் ஜெயித்தவற்றைவிட அவற்றில்தான் சரக்கு அதிகம். ஐஜிஎஃப்-1 ஏற்பியை அடைக்கும் ஃபிஜிடுமுமாப் நுரையீரல் புற்றுநோயில், நிறைய நோயாளிகளிடம் செய்து பார்க்கும் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் கைவிட்டது. ஒரு கதவை அடைத்தால் செல் இன்சுலின் ஏற்பி வழியாக வேலையை நடத்திக்கொள்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று. யாருக்கு இந்த மருந்து வேலை செய்யும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது எப்படி என்ற கேள்வி இன்னும் அப்படியே கிடக்கிறது, தலைப்பு தேடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. நீங்கள் என்ன ஆய்வு செய்கிறீர்கள் என்று தெரிந்ததும், உடம்பை முறுக்கேற்ற நினைக்கிறவர்கள் முதல், பிள்ளை உயரமாகவில்லையே என்று கவலைப்படும் பெற்றோர் வரை வளர்ச்சி ஹார்மோன் ஊசி பற்றிக் கேட்பார்கள். ஹார்மோன் குறைபாடு உறுதியான குழந்தைக்குக் கொடுப்பது சிகிச்சை, தசைக்காகப் போட்டுக்கொள்வது வேறு கதை, உடலில் புற்றுநோய் இருக்கும்போது கொடுக்கவே கூடாது என்பதுவரை சொல்லலாம். எத்தனை மில்லிகிராம் என்று கேட்டால் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.