எம்பிஏ முடித்து ஃபேக்டரிக்குள் வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் ஆயத்த ஆடை யூனிட்டில் எம்பிஏ முடித்த இருவர் சேர்ந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன்பு நான் செய்த தவறுகளை அப்படியே செய்கிறார்கள். நேரத்துக்கு வருவது, மரியாதையாகப் பேசுவது எல்லாம் அவர்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மாஸ்டரைத் தாண்டி உத்தரவு போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் பொறுக்காது. திருப்பூரில் சேர்ந்து மூன்றாவது மாதம், ஷிப்மெண்ட் நெருங்கிவிட்டது. கட்டிங் டேபிள் காலி. கட்டர்களுக்குப் பொறுப்பான மாஸ்டர் இன்னொரு யூனிட்டுக்குப் போயிருந்தார். பிரித்த துணி பக்கத்திலேயே கிடந்தது. "ஏன் சும்மா நிக்கறீங்க? லே போடுங்க" என்றேன், அதாவது வெட்டுவதற்குத் துணியை அடுக்கடுக்காக விரிக்கச் சொன்னேன். "மாஸ்டர் வந்துரட்டுங்க சார்" என்றார் கட்டர். "நான் சொல்றேன்ல?" என்றேன். வெட்டிவிட்டார்.

பின்னல் துணி ரோலில் இழுபட்டே இருக்கும். பிரித்துப் போட்டு ஒரு நாள் ஆறவிட்ட பிறகுதான் வெட்ட வேண்டும். இது அன்று காலைதான் பிரித்த துணி. தைத்து முடிந்தபோது நீளம் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. செக்கிங் அக்கா டேப்பை வைத்துப் பார்த்து, ஒன்றும் பேசாமல் ஒவ்வொரு பீஸாகத் தள்ளி வைத்தார். 1,400 பீஸ்.

துணி போனது ஒரு பக்கம். அதன்பின் மாஸ்டர் எது சொன்னாலும் கட்டர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். மாஸ்டரோ, "சாரையே கேட்டுக்கங்க" என்று ஒதுங்கிவிட்டார். அந்த நிலைமை சரியாவதற்கு ஆறு மாதம் ஆனது.

இத்தனைக்கும் இது நான் பரீட்சையில் எழுதிப் பாஸான பாடம். பிரான்சில் 1888 முதல் முப்பது வருடம் ஒரு சுரங்கக் கம்பெனியை நடத்திய பொறியாளர் ஹென்றி ஃபயோல், 1916இல் வெளியிட்ட 14 கோட்பாடுகளில் ஒன்று: ஒருவருக்கு உத்தரவு ஒரே மேலாளரிடமிருந்துதான் வர வேண்டும். அவசரத்துக்கு வழியும் அவரே சொல்லியிருக்கிறார்: இரண்டு பிரிவில் சம நிலையில் இருப்பவர்கள், மேலே இருப்பவர்களின் சம்மதத்தோடு நேராகப் பேசி முடிக்கலாம். மாஸ்டருக்கு நான் ஒரு போன் போட்டிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும்.

சுவரில் மாட்டிய சார்ட்டை மட்டும் நம்புவது

கரண்ட் போனால் எல்லாரும் யாரைத் தேடுகிறார்கள் என்று பாருங்கள். யாருக்குக் கீழே யார் என்று போட்டிருக்கும் அந்தச் சார்ட்டில் அவர் பெயர் இருக்காது.

முதல் மாதமே ரிப்போர்ட் ஃபார்மட்டை மாற்றுவது

வேண்டாம்.

அடிபட்டதும் படிப்பைத் திட்டுவது

1,400 பீஸுக்கு அப்புறம் நானும் "எம்பிஏ வேஸ்ட்" என்று சொல்லித் திரிந்தேன். தப்பு. பாடம் சரியாகத்தான் இருந்தது. அதைக் கட்டிங் டேபிளோடு சேர்த்துப் பார்க்க எனக்குத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் நாளைக் காலை அந்த இருவரையும் மாஸ்டரிடம் அழைத்துப் போகிறேன். துணி பிரிப்பதிலிருந்து ஆரம்பிக்கட்டும்.