டான்ஸும் டான்ட்ஸும் உடன்பிறப்புகளா? சொல்லின் பூர்வீகம் தேடிப் பழகுவோம்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். நடனத்துக்கு ஐரோப்பாவில் என்னென்ன சொற்கள் உள்ளன என்று பார்த்தபடியே சொல்லாராய்ச்சி பழகலாம்.

படி 1: சொற்களை வரிசையாக எழுதுங்கள். ஆங்கிலத்தில் டான்ஸ், ஜெர்மனில் டான்ட்ஸ், போலிஷிலும் ரஷ்ய மொழியிலும் டானியெட்ஸ், ஹங்கேரியனில் டாண்ட்ஸ், ஃபின்னிஷில் டான்ஸி. இதில் கடைசி இரண்டும் யூராலிக் குடும்பத்து மொழிகள், மற்றவற்றுக்கு உறவே இல்லை. அங்கேயும் இதே சொல் இருக்கிறது என்றால், அது ஊர் ஊராகப் போயிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

படி 2: ஒலியைப் பாருங்கள். இங்கேதான் நானும் முதலில் ஏமாந்தேன். 'டாக்டர்' என்பதன் முதல் ஒலியும் 'டீ'யின் முதல் ஒலியும் வேறு வேறு; நம் எழுத்தில் இரண்டும் ட தான். ஆங்கிலத்தில் 'டாக்டர்' ட வரும் பல இடங்களில் ஜெர்மனில் 'டீ' ட வரும். கதவு, பகல், குடி ஆகியவற்றுக்கான சொற்களில் இதைக் காணலாம். டான்ஸ், டான்ட்ஸ் இரண்டும் இந்த விதிக்கு அச்சாகப் பொருந்துகின்றன. அப்படியானால் ஒரே தாயின் பிள்ளைகளா?

படி 3: பழைய வடிவத்தைத் தேடுங்கள். பழைய ஆங்கிலத்தில் டான்ஸ் என்ற சொல்லே கிடையாது! 1066இல் பிரெஞ்சு பேசிய நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சிலிருந்து வந்து 1300 வாக்கில்தான் எழுத்தில் தென்படுகிறது. ஜெர்மனும் 12ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரெஞ்சிடமிருந்தே வாங்கியது. ஜெர்மனிலிருந்து போலிஷுக்கு, போலிஷிலிருந்து ரஷ்ய மொழிக்கு. ஆக, ஒலிப் பொருத்தம் தற்செயல். இரண்டும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு.

படி 4: பொருள் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். லத்தீனில் 'சல்டாரே' என்றால் நடனமாடுதல். அதன் வழிவந்த ஸ்பானிஷ் 'சல்டார்' இன்று குதிப்பதை மட்டுமே குறிக்கிறது. ஆடுவதற்கு அங்கே 'பைலார்', இத்தாலியனில் 'பல்லாரே'. இரண்டும் பிற்கால லத்தீனின் 'பல்லாரே'யிலிருந்து வந்தவை. பாலே நடனமும் அந்தக் குடும்பம்தான்.

ஆனால் ஒலி ஒத்திருந்தாலும், ஆங்கிலத்தில் விளையாடும் பந்தைக் குறிக்கும் 'பால்' அந்த வகையறா அல்ல. மேயும் ஆட்டையும் கூத்தாடும் ஆட்டத்தையும் முடிச்சுப் போடுவோமா? (மேயும் ஆடு பழந்தமிழில் 'யாடு'.)

சரி, 'பைலார்' என்பதை இன்னொரு முறை சொல்லிப் பாருங்கள். இலங்கைக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபட்டிருக்கும்: கல்யாண வீட்டில் எல்லோரையும் எழுந்து ஆடவைக்கும் பைலா, போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த அதே சொல்.