ஷூட்டிங்குக்கு முந்தைய நாள்: கார்டிலிருந்து எடிட்டர் மேசை வரை ஒரு முழு ஒத்திகை

குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்கள் நடிகர்களுக்கு ஒத்திகை வைக்கிறார்கள், லொக்கேஷனை இரண்டு முறை போய்ப் பார்க்கிறார்கள். எடுத்த ஃபுட்டேஜ் கார்டிலிருந்து ஹார்ட் டிஸ்க்குக்குப் போய், எடிட்டர் கணினியில் திறப்பது வரைக்குமான வழியை மட்டும் பெரும்பாலும் யாரும் ஒத்திகை பார்ப்பதில்லை. "காப்பி பண்றதுதானே, அதுல என்ன இருக்கு?" என்று விட்டுவிடுகிறார்கள். அப்படியே சோதித்தாலும் பத்து விநாடி கிளிப் ஒன்றை எடுத்து, லேப்டாப்பில் ஓடுகிறது என்று பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறார்கள். அது சோதனையே இல்லை. கார்டு, ரீடர், கேபிள், டிஸ்க் எல்லாமே முதல் பத்து விநாடிக்கு நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும். நிரம்பிய கார்டு ஒன்றைக் கடைசிவரை ஓட்டிப் பார்த்தால்தான் அவற்றின் உண்மையான குணம் தெரியும்.

இந்த விளக்கத்துக்கு சோனி எஃப்எக்ஸ்3 கேமராவை எடுத்துக்கொள்கிறேன். சின்ன யூனிட்டுகள் வாடகைக்கு எடுக்கும் கேமராக்களில் அதுவும் ஒன்று. வேறு கேமரா என்றால் எண்கள் மாறும், வேலை மாறாது. சோதனைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஷூட்டிங்கில் பயன்படுத்தப்போகும் அதே கார்டுகள், அதே ரீடர், அதே கேபிள்கள், அதே லேப்டாப், அதே ஹார்ட் டிஸ்க்குகள் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும். வீட்டில் இருக்கிற நல்ல ரீடரில் சோதித்துவிட்டு, ஸ்பாட்டில் நண்பனிடம் கடன் வாங்கிய ரீடரைச் செருகினால் சோதித்ததற்குப் பலன் இல்லை.

1. முதலில் எடிட்டரிடம் பேசுங்கள்

கேமராவைத் தொடுவதற்கு முன்னால் மூன்று விஷயங்கள் முடிவாக வேண்டும்: எந்த ரெசல்யூஷன், விநாடிக்கு எத்தனை ஃபிரேம், எந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கிப் பதிவுசெய்யும் முறை). ஒளிப்பதிவாளர், எடிட்டர் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு அதை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் உதாரணத்துக்கு: 4கே, 25 ஃபிரேம், எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ என்ற சோனி கோடெக், விநாடிக்கு 250 மெகாபிட்.

2. கணக்கு

மெகாபிட்டை எட்டால் வகுத்தால் மெகாபைட். 250ஐ 8ஆல் வகுக்க, விநாடிக்கு 31.25 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 112.5 ஜிபி. அதாவது 128 ஜிபி கார்டில் சுமார் 68 நிமிடம் எடுக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேமரா ஓடும் என்று வைத்துக்கொண்டால் 340 ஜிபி அளவுக்கு வரும். மூன்று நாள் ஷூட்டிங்குக்கு ஏறத்தாழ 1 டிபி. 1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்றுதான் காட்டும். அதனால் சரியாக 1 டிபி டிஸ்க் வாங்கிக்கொண்டு போகாதீர்கள். 2 டிபியாக எடுங்கள்.

தனி ரெக்கார்டரில் பதிவாகும் சவுண்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு டிராக்குக்கு மணிக்கு அரை ஜிபிதான். அளவு சின்னது என்பதாலேயே அந்த ரெக்கார்டர் கார்டைக் காப்பி எடுக்க மறந்துவிடுகிறார்கள். சோதனையிலேயே அதற்கும் ஒரு ஃபோல்டர் போட்டு வையுங்கள்.

இந்தக் கணக்கிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. மூன்று 128 ஜிபி கார்டு இருந்தால் ஒரு நாள் ஷூட்டிங் ஏறத்தாழ அடங்கிவிடும். ஒன்று கூடுதலாக, நான்காக வைத்துக்கொண்டால் ஸ்பாட்டில் எந்தக் கார்டையும் அழிக்க வேண்டிய அவசியமே வராது. ஃபார்மட் எல்லாம் மறுநாள் காலையில்தான். வெயில், அவசரம், "அடுத்த ஷாட் ரெடியா?" என்கிற சத்தம், இவற்றுக்கு நடுவில் ஒருவர் கார்டை ஃபார்மட் செய்வதைவிட, ஒரு கார்டுக்குக் கூடுதல் வாடகை கொடுப்பது எவ்வளவோ மேல். லென்ஸ் வாடகையில் குறைத்தாவது இதைச் செய்யச் சொல்வேன்.

3. கார்டு சோதனை

எஸ்டி கார்டில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதுவும் அதிகபட்ச அளவு. வீடியோவுக்கு நமக்கு வேண்டியது பக்கத்தில் சின்னதாக இருக்கும் 'வி' எண். வி30 என்றால், எழுதும் வேகம் விநாடிக்கு 30 எம்பிக்குக் கீழே போகாது என்கிற உத்தரவாதம். நமக்குத் தேவை 31.25 எம்பி. அதனால் வி30 கார்டு மயிரிழையில் தோற்றுப்போகிறது. வி60 அல்லது வி90 வாங்குங்கள். எஃப்எக்ஸ்3இன் இரண்டு ஸ்லாட்டிலும் எஸ்டி கார்டோ, அதைவிட வேகமான வேறு வகையான சிஎஃப்எக்ஸ்பிரஸ் டைப் ஏ கார்டோ போடலாம்.

அடுத்து போலி கார்டு. சின்ன கொள்ளளவு சிப்பை வைத்துக்கொண்டு, கணினியிடம் 128 ஜிபி என்று பொய் சொல்லும் கார்டுகள் சந்தையில் உண்டு. உண்மையான இடம் தீர்ந்த பிறகும் அவை எழுதுவதுபோல நடிக்கும். பிற்பாடு திறந்தால் ஃபைல் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. இதைக் கண்டுபிடிக்க முழுக் கார்டையும் நிரப்பித் திரும்பப் படிப்பதுதான் வழி. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்கிற இலவச மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ராத்திரி ஓடவிட்டுத் தூங்கப் போகலாம்.

அது முடிந்ததும் கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, கார்டு நிரம்பி நிற்கும் வரை ரெக்கார்ட் செய்யுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டுக்கொண்டு செய்யாதீர்கள். சில கோடெக்குகளில், உதாரணமாக பிளாக்மேஜிக் ராவின் 'க்யூ' வகைகளில், படத்தில் இருக்கும் நுணுக்கத்தைப் பொறுத்து ஃபைல் அளவு மாறும். இருட்டைப் படம்பிடித்தால் அளவு குறைவாக வந்து உங்கள் கணக்கைக் கெடுத்துவிடும். காற்றில் ஆடும் மரம், ஓடும் தண்ணீர், போக்குவரத்து நெரிசல் மாதிரி எதையாவது எடுங்கள். ஷூட்டிங் மொட்டை மாடியில் என்றால் சோதனையும் மொட்டை மாடியில் நடக்கட்டும். சூட்டில் கேமரா என்ன செய்கிறது என்பதும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இரண்டு ஸ்லாட்டிலும் ஒரே சமயத்தில் பதிவுசெய்யும் வசதி எஃப்எக்ஸ்3இல் இருக்கிறது. பட்ஜெட் இடம்கொடுத்தால் பயன்படுத்துங்கள். ஆனால் அதைப் பேக்கப் என்று எண்ண வேண்டாம். இரண்டு கார்டும் ஒரே கேமராவுக்குள் இருக்கின்றன. கேமரா தண்ணீரில் விழுந்தால் இரண்டும் சேர்ந்துதான் விழும்.

மெனுவில் இன்னொரு இடம்: ஃபைல் எண் அமைப்பு. அது 'ரீசெட்'டில் இருந்தால் ஒவ்வொரு கார்டும் சி0001 என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஒரே பெயரில் நான்கு கிளிப்புகள் எடிட்டரிடம் போனால் அவர் உங்களைத் திட்டுவார், நியாயமாகத்தான். 'சீரிஸ்' என்று மாற்றி, பெயருக்கு முன்னால் படத்தின் சுருக்கப் பெயர் வரும்படி வையுங்கள்.

4. காப்பி: கையில் கடிகாரத்தோடு

இந்த நாளின் முக்கியமான வேலை இதுதான். நிரம்பிய கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்ட் டிஸ்க்கில் ஃபோல்டர் பெயரை முதலிலேயே முடிவு செய்யுங்கள்: தேதி, கேமரா, கார்டு எண். ஏ கேமராவின் முதல் கார்டு ஏ001, அடுத்தது ஏ002. சோதனையில் பழகிய பெயர்முறைதான் ஷூட்டிங்கிலும்.

கார்டுக்குள் 'பிரைவேட்', அதற்குள் 'எம்4ரூட்', அதற்குள் 'கிளிப்' என்று ஃபோல்டர்கள் இருக்கும். கிளிப் ஃபோல்டரைத் திறந்து எம்பி4 ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் சின்ன எக்ஸ்எம்எல் ஃபைல்களில் கிளிப் பற்றிய தகவல்கள் இருக்கின்றன. கார்டில் என்ன இருக்கிறதோ அத்தனையும், இருக்கிறபடியே போக வேண்டும்.

சாதாரணமாக இழுத்துப் போட்டால் கணினி காப்பி எடுக்கும், சரியாக வந்ததா என்று பார்க்காது. சரிபார்க்க செக்சம் வேண்டும். ஒரு ஃபைலின் ஒவ்வொரு பைட்டையும் படித்துக் கணக்கிட்ட ஒரு நீளமான எண் அது. கார்டில் இருக்கும் ஃபைலுக்கும் டிஸ்க்கில் இருக்கும் காப்பிக்கும் அந்த எண் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றே. ஒரு பிட் மாறினாலும் எண் வேறாகிவிடும். எம்டி5, எக்ஸ்எக்ஸ்ஹாஷ் என்று வகைகள் உண்டு, பின்னது வேகமானது. காசு கொடுத்து வாங்க சில்வர்ஸ்டாக், ஷாட்புட் ப்ரோ போன்ற காப்பி மென்பொருள்கள் இருக்கின்றன. ஆரம்பிப்பவர்களுக்கு டாவின்சி ரிசால்வ் என்கிற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் மீடியா பக்கத்தில் இருக்கும் 'க்ளோன் டூல்' போதும். ஒரு கார்டிலிருந்து ஒரே சமயத்தில் இரண்டு டிஸ்க்குக்கு எடுக்கலாம். விண்டோஸில் டெராகாப்பியும் நன்றாக வேலை செய்யும்.

தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் எழுதுங்கள். எதிர்பார்க்க வேண்டியது இதுதான்: சாதாரண போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் விநாடிக்கு 120 எம்பி எழுதினால் 128 ஜிபி கார்டுக்கு 18 நிமிடம் ஆகும். சரிபார்க்க இன்னொரு 18 நிமிடம். மொத்தம் 36. உங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனால் எங்கோ யூஎஸ்பி 2.0 ஒளிந்திருக்கிறது. அதன் நிஜ வேகம் 40 எம்பியைத் தாண்டுவது அரிது. காப்பிக்கு 53 நிமிடம், சரிபார்க்க இன்னொரு 53. கேபிளை மாற்றுங்கள், அப்புறம் ஹப்பைக் கழற்றிவிட்டு நேரடியாகச் செருகுங்கள், அப்புறம் ரீடரைச் சந்தேகப்படுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் குற்றவாளி சிக்கும். முதல் சில நிமிடம் பறந்துவிட்டுப் பிறகு தவழ்ந்தால் அது டிஸ்க்கின் வேலை: மலிவான சில எஸ்எஸ்டிகள் உள்ளே இருக்கும் வேகமான தற்காலிக இடம் நிரம்பியதும் மிகவும் மெதுவாகிவிடும். லேப்டாப்பை ஒரு முறை சார்ஜர் இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியில் சில லேப்டாப்புகள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஸ்பாட்டில் ஜெனரேட்டர் எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

டிஸ்க் எந்த ஃபார்மட்டில் இருக்கிறது என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை மேக் படிக்கும், எழுதாது. விண்டோஸ், மேக் இரண்டுக்கும் போய்வர வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். அதை 'இஜெக்ட்' கொடுக்காமல் பிடுங்கினால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம்.

5. வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்

எல்லாம் சரியாக நடந்தால் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியவராது. தவறு நடந்தால் மென்பொருள் சொல்லுமா என்று தெரிய வேண்டும். சோதனை ஃபுட்டேஜ்தானே, தைரியமாகச் செய்யுங்கள்.

காப்பி எடுக்கும்போது செக்சம் ஃபைலையும் சேமித்துவையுங்கள். பிறகு டிஸ்க்கில் இருக்கும் காப்பியில் ஒரு எக்ஸ்எம்எல் ஃபைலை நோட்பேடில் திறந்து, ஒரே ஒரு இடைவெளி சேர்த்துச் சேமியுங்கள். மறுபடி சரிபார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒரு ஃபைலைச் சுட்டிக்காட்டிச் சிவப்பாகக் கத்த வேண்டும். இன்னொரு கிளிப்பை அழித்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் ஒரு காப்பி பாதியில் இருக்கும்போது கேபிளைப் பிடுங்குங்கள். என்ன செய்தி வருகிறது, திரும்ப ஆரம்பித்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, அரைகுறை ஃபைலை முழு ஃபைல் மாதிரி விட்டுவைக்கிறதா என்று பாருங்கள். பிடுங்கிய டிஸ்க்கை நம்புவதற்கு முன் ஒரு முறை ஃபார்மட் செய்துவிடுங்கள்.

ஒரு நுணுக்கம்: காப்பி எடுத்த கையோடு சரிபார்த்தால், சின்ன ஃபைல்களைக் கணினி டிஸ்க்கிலிருந்து படிக்காமல் தன் ராமில் இருப்பதையே படித்து "சரி" என்று சொல்லிவிடக்கூடும். டிஸ்க்கை இஜெக்ட் செய்து, கழற்றி, மீண்டும் செருகிச் சரிபார்ப்பது நம்பகமானது.

6. எடிட்டர் மேசை

ஒரு டிஸ்க்கை எடிட்டரிடம் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் லேப்டாப்பில் ஓடியது என்பது இங்கே செல்லாது. நிற விவரம் கூடுதலாக இருக்கும் 10 பிட் கிளிப்புகள் சில கணினிகளில் திணறும். இலவச ரிசால்வில் திறக்காமலும் போகலாம். திணறினால் ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கு மட்டும் பயன்படும் சின்ன அளவு நகல்) யார் போடுவது, எப்போது போடுவது என்று அங்கேயே பேசி முடியுங்கள். கிளிப்பின் ஆரம்பம், நடு, கடைசி மூன்றையும் ஓட்டிப் பாருங்கள். சவுண்டைச் சேர்த்து உதட்டசைவு ஒட்டுகிறதா என்று பாருங்கள். நீளமான டேக்கின் கடைசியில் பார்ப்பதுதான் முக்கியம். ஃபிரேம் ரேட் மாறியிருந்தால் அங்கேதான் காட்டிக்கொடுக்கும்.

7. யார் கையில் என்ன

கார்டை ஃபார்மட் செய்ய ஒரே ஒருவருக்குத்தான் உரிமை, வழக்கமாகக் கேமரா அசிஸ்டென்ட். காப்பி எடுக்கிறவர் "ஏ002 இரண்டு டிஸ்க்கிலும் சரிபார்த்தாச்சு" என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் அதைத் தொட வேண்டும். எடுத்து முடித்த கார்டுக்குச் சிவப்பு டேப், காலியான கார்டுக்குப் பச்சை டேப். எஸ்டி கார்டு கேமராவிலிருந்து வெளியே வந்ததும் பக்கத்தில் இருக்கும் லாக்கைக் கீழே தள்ளிவிடுங்கள். லாக் இல்லாத கார்டு என்றால் டேப் மட்டும்தான். சோதனை நாளிலேயே இருவரும் இந்தக் கைமாற்றத்தை நிஜமாகச் செய்து பார்க்கட்டும், கூச்சப்பட வேண்டாம்.

டிஸ்க்குகள் சாயங்காலம் எங்கே தூங்கும் என்பதையும் அன்றைக்கே தீர்மானியுங்கள். ஒன்று தயாரிப்பாளர் வீட்டில், ஒன்று காப்பி எடுப்பவரிடம், எடிட்டருக்காக எடுத்த மூன்றாவது காப்பி அவரிடம். மூன்றும் ஒரே காரில், ஒரே பையில் போகக் கூடாது. சோதனையில் எழுதிய நேரக் குறிப்பை லேப்டாப் மூடிக்குள் ஒட்டிவையுங்கள். ஷூட்டிங் நடுவில் உதவி இயக்குநர் வந்து "கார்டு எப்போ கிடைக்கும்?" என்று கேட்கும்போது, அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம்.