கேம் நடுவுல எஃப்.பி.எஸ் கொறையுதா? ஃபேன வெச்சுப் பாருங்க
கம்ப்யூட்டர்ல கேம் நல்லா ஓடிட்டே இருந்து கொஞ்ச நேரத்துல திடீர்னு எஃப்.பி.எஸ் (ஒரு செகண்டுக்கு ஸ்க்ரீன்ல வர்ற படங்களோட எண்ணிக்கை) கொறஞ்சா உடனே கடைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க, கேபினெட் சைடு மூடியக் கழட்டி டேபிள் ஃபேன அது பக்கம் திருப்பி வெச்சு அதே கேம ஆடிப் பாருங்க. ஸ்பீடு திரும்ப வந்துட்டா பிரச்சினை சூடுதான். பிராசசர், கிராஃபிக்ஸ் கார்டு ரெண்டுமே சூடு அளவு தாண்டுனா தானாவே வேகத்தக் கொறச்சிக்கும், அதுவும் நம்ம வேலூர்ல மே மாசம் வெளியவே 40 டிகிரி தாண்டுது, உள்ள இருக்குற குட்டி ஃபேன் அந்த சூட்டுக் காத்தத்தான் இழுக்கணும், ஹீட்சிங்க்ல (சூட்ட இழுத்து வெளிய விடுற உலோகத் தகடுங்க) தூசி வேற அடைச்சிருந்தா சொல்லவே வேணாம். பிளக்கப் புடுங்கிட்டு, றெக்கை சுத்தாம விரலால புடிச்சிக்கிட்டு ப்ளோயர் அடிங்க, பல நேரம் இதுவே போதும்.

கேம் ஆரம்பிச்ச ஒடனேயே திணறுனா இது உதவாது, அப்ப ரேம் ஃபுல்லா இருக்கா, புதுசா டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்ட இயக்குற சாஃப்ட்வேர்) அப்டேட் ஏதாவது ஆச்சான்னு பாருங்க.